பிஷப் ஹீபர் ஹாலில் கற்றுக்கொண்டவை

தாம்பரத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் தங்கிப் படித்த இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் முதலில் வரும் கேள்வி "எந்த ஹால்?" என்பதுதான். ஹால் என்றால் அங்கே விடுதி. எந்தப் பாடம், எந்த வருஷம் என்பதெல்லாம் அப்புறம். சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று ஆண்களுக்கான பழைய ஹால்கள் மூன்று. பெண்களுக்கு மார்ட்டின், மார்கரெட், பார்ன்ஸ் ஹால்கள் பின்னால் வந்தன. நான் பிஷப் ஹீபர் ஹால். தொண்ணூறுகளில் அங்கே தங்கி வேதியியல் படித்தேன். சொந்த ஊர் திருச்சி மாவட்டத்தில் துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் வீட்டில் யாரும் கிறிஸ்தவர்கள் இல்லை.

ஒவ்வொரு வருஷமும் ஜூன் நெருங்கும்போது தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது போன் செய்வார்கள். "பையனைக் கிறிஸ்தவ விடுதியில் சேர்க்கலாமா?", "சாப்பாடு எப்படி?", "ராகிங் இருக்குமா?", "மதம் மாற்றிவிடுவார்களா?" கடைசிக் கேள்வியை நான் சேரும்போது எங்கள் பெரியப்பாவும் கேட்டார். "அவன் மனசு அவன்கிட்டதானே இருக்கும், யார் எடுத்துக்கப் போறாங்க?" என்று அப்பா சொன்னார், அதோடு பேச்சு முடிந்தது. அப்பா சொன்னபடிதான் நடந்தது. ஹாலில் இருந்த காலம் முழுக்க மதத்தை மாற்றிக்கொள் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள் போனார்கள், மற்றவர்கள் துணி துவைத்தோம். ஆனால் அந்த ஹால் கிறிஸ்தவ ஹால்தான். அது எதில் தெரிந்தது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். அதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

கல்லூரியின் வேர் ஜார்ஜ் டவுனில் இருக்கிறது. 1837இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி தொடங்கிய பள்ளிக்கூடம்தான் ஆரம்பம். 1862இல் வந்து சேர்ந்த வில்லியம் மில்லர் அதைக் கல்லூரியாக வளர்த்தார். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஆண்டர்சன் சர்ச் இன்றும் நிற்கிறதே, அந்தப் பகுதியில்தான் கல்லூரி இருந்தது. வகுப்பு முடிந்ததும் மாணவன் எங்கே தங்குகிறான், யாரோடு சாப்பிடுகிறான் என்பதும் கல்லூரி பார்க்க வேண்டிய விஷயம் என்று நம்பியவர் மில்லர். நகரத்திலேயே மாணவர் விடுதிகளை ஏற்படுத்தினார். இன்று நமக்கு இது சாதாரணம். அன்று கல்லூரி என்றால் பாடம் நடத்துவது, பரீட்சைக்கு அனுப்புவது, அவ்வளவுதான்.

நகரத்தில் இடம் போதவில்லை. 1937இல் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது. அப்போது ஏ. ஜி. ஹாக் முதல்வர். சேலையூர்க் காப்புக்காட்டில் 365 ஏக்கர். கட்டடங்களை வடிவமைத்தவர் ஹென்றி ஷேட்டி என்ற சுவிட்சர்லாந்துக்காரர். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931இலேயே ஓடத் தொடங்கிவிட்டதால் நகரத்துக்குப் போய்வருவது சிரமமாக இல்லை. அந்த மீட்டர்கேஜ் வண்டியில்தான் நாங்களும் போய் வந்தோம், 2004 வரை அது ஓடியது.

காட்டுக்குள் கல்லூரி என்றால் மாணவர்கள் அங்கேயே தங்க வேண்டும். அதனால் வகுப்பறைகளும் ஹால்களும் சேர்ந்தே திட்டமிடப்பட்டன. ஒவ்வொரு ஹாலுக்கும் ஒரு வார்டன், அவர் ஒரு பேராசிரியர், அவர் குடும்பத்தோடு அருகிலேயே குடியிருப்பார். காலையில் வகுப்பில் பாடம் நடத்தியவரைச் சாயங்காலம் மகளுக்கு சைக்கிள் பழக்கிக்கொண்டிருக்கும்போது பார்ப்போம். ஆசிரியர் என்றால் பயப்பட வேண்டிய ஆள் என்று நினைத்து ஊரிலிருந்து வந்த எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சந்தேகம் கேட்க முடியும் என்பதை நம்பவே சில வாரங்கள் ஆயின.

எங்கள் துறையைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்லாமல் போனால் மனசு கேட்காது. எட்வர்ட் பார்ன்ஸ் வேதியியல் பேராசிரியர். அவரும் அவர் மனைவி ஆலிஸும்தான் இந்த வளாகத்தில் மரங்களை வைத்து வளர்த்தவர்கள். வேதியியல்காரர் என்றாலும் செடிகொடிகளில் அவருக்கு அபாரமான அறிவு. தென்னிந்திய மலைகளில் வளரும் ஒரு செடிக்கு அரிசீமா பார்னெசியை என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1941இல் இறந்துவிட்டார். தான் வைத்த மரங்களின் நிழலில் அவர் அதிகம் உட்கார்ந்திருக்க முடியாது. நாங்கள் உட்கார்ந்தோம்.

சரி, ஹீபர் யார்? ஹாலில் சேர்ந்த புதிதில் எனக்கும் தெரியாது. திருச்சியில் பிஷப் ஹீபர் கல்லூரி இருப்பது மட்டும் தெரியும். எங்கள் ஊர்ப் பையன்கள் பாதிப்பேர் அங்கேதான் படித்தார்கள். அந்தப் பெயர் தாம்பரத்தில் ஏன் இருக்கிறது என்று கேட்டதும் மூத்த மாணவர் ஒருவர் உட்காரவைத்துக் கதை சொன்னார்.

ரெஜினால்ட் ஹீபர் 1823இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆயராக, அதாவது பிஷப்பாக, வந்தவர். இந்தியா முழுவதும், இலங்கை, ஆஸ்திரேலியா எல்லாம் சேர்த்து ஒரே ஆயர். கவிஞர். தமிழ்ச் சபைகளில் இன்றும் "தூய, தூய, தூயா" என்று பாடுகிறார்களே, அதன் ஆங்கில மூலம் அவர் எழுதியது. தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழரான கிறிஸ்தியான் டேவிட்டுக்கு 1824இல் குருப்பட்டம் கொடுத்தவரும் அவரே. ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்படிப் பட்டம் பெற்ற முதல் இந்தியர்களில் டேவிட் ஒருவர். 1826 ஈஸ்டருக்கு ஹீபர் தஞ்சாவூர் வந்தார், சரபோஜி மன்னரைச் சந்தித்தார். அங்கிருந்து திருச்சி. ஏப்ரல் 3ஆம் தேதி காலை கோட்டைப் பகுதியில் தமிழ்ச் சபையாருக்கு ஆசி சொல்லிவிட்டு வந்தவர், வெயிலின் களைப்பில் குளிக்கப் போனார், குளியல் தொட்டியிலேயே இறந்து கிடந்தார். வயது 42. திருச்சி புனித யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவர் பெயரில் திருச்சியில் நடந்துவந்த கல்லூரி 1934இல் மூடப்பட்டு, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியோடு இணைக்கப்பட்டது. அதன் அடையாளமாகத் தாம்பரத்தில் எழுந்ததுதான் பிஷப் ஹீபர் ஹால். பக்கத்தில் அதே பெயரில் ஒரு சிற்றாலயமும் உண்டு. திருச்சியில் இன்று இருக்கும் கல்லூரி 1966இல் மறுபடியும் தொடங்கப்பட்டது. ஆக, இடையில் ஏறக்குறைய முப்பது வருஷம் திருச்சிக் கல்லூரியின் பெயரைக் காப்பாற்றி வைத்திருந்தது தாம்பரத்து விடுதி. ஓர் ஊர் கல்லூரியை இழக்கிறது, இன்னோர் ஊரில் ஒரு விடுதி அதன் பெயரைச் சுமக்கிறது. இந்தக் கதை தெரிந்த பிறகு அந்த ஹாலில் நடக்கும்போது எனக்கு வெளியூர்க்காரன் என்ற நினைப்பே போய்விட்டது. திருச்சியிலிருந்து வந்த சரக்கு நாங்கள் இரண்டு பேரும்!

இதனால் விடுதியில் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: வாசலில் இருக்கும் பெயர் யாருடையது என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். கேட்டால் யாராவது சொல்வார்கள். சொல்கிறவர் உங்களுக்குப் பழக்கமாகிவிடுவார். புது இடத்தில் பேச்சை ஆரம்பிக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு விஷயமும் ஹாலில்தான் கேள்விப்பட்டேன். கல்லூரி தாம்பரத்துக்கு வந்த அடுத்த வருஷமே, 1938 டிசம்பரில், உலக மிஷனரி மாநாடு இந்த வளாகத்தில் நடந்தது. 470க்கும் மேற்பட்ட பேராளர்கள். ஜான் மாட் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவத் தலைவர் தலைமை. பின்னாளில், 1946இல், அவருக்குச் சமாதான நோபல் பரிசு கிடைத்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களில் ஆல்பர்ட் லுத்துலியும் இருந்தார். நிறவெறியை எதிர்த்ததற்காக 1960ஆம் ஆண்டின் சமாதானப் பரிசைப் பெற்ற அதே லுத்துலி. சீனாவும் ஜப்பானும் அப்போது போரில் இருந்தன, இரண்டு நாட்டுப் பேராளர்களும் இங்கே ஒன்றாக உட்கார்ந்தார்கள். உலகக் கிறிஸ்தவ வரலாறு படிக்கிறவர்களுக்குத் தாம்பரம் என்றால் ரயில் நிலையம் நினைவுக்கு வராது, இந்த மாநாடுதான் வரும்.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். என் மனசில் ஹால் என்றால் அந்தச் சாப்பாட்டுக் கூடம்தான்.

அந்தக் காலத்து விடுதிகளில் சாதிவாரியாகப் பந்தி பிரிந்திருந்தது பலரை உறுத்தவில்லை. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியே சாப்பாடு போட்டார்கள் என்று 1924-25இல் எழுந்த கொந்தளிப்பை நாம் பாடப்புத்தகத்திலேயே படித்திருக்கிறோம். பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறிய கதையில் அதற்குப் பெரிய இடம் உண்டு. கிறிஸ்தவர்களும் இதில் சுத்தம் என்று சொல்ல முடியாது. ஹீபர் தஞ்சாவூர் வந்தபோது சபைக்குள்ளேயே தனித்தனியாக உட்காருவது பற்றிய சாதித் தகராறு இருந்தது. அவர் விசாரிக்க ஆரம்பித்தார், முடிவதற்குள் இறந்துபோனார். சாதியைக் கைவிட வேண்டும் என்ற கண்டிப்பான உத்தரவு 1833இல் ஆயர் டேனியல் வில்சனிடமிருந்துதான் வந்தது. அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை.

இந்தப் பின்னணியோடு பார்த்தால்தான் எங்கள் ஹாலின் நீளமான சாப்பாட்டு மேசை எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும். வந்தவன் காலியாக இருக்கும் இடத்தில் உட்கார வேண்டும். இடது பக்கம் யார், வலது பக்கம் யார் என்று தேர்ந்தெடுக்க முடியாது. எங்கள் ஊரில் நான் பிறந்த தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் நடுவில் என்ன இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். முதல் நாள் இரவு என் பக்கத்தில் உட்கார்ந்தவன் எந்தச் சாதி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கரண்டியை அவன் கையிலிருந்து வாங்கினேன், குழம்பு ஊற்றிக்கொண்டேன், அவனுக்கு அடுத்தவனிடம் கொடுத்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சின்ன ஜெபம் உண்டு. நான் கண்ணை மூடிக்கொண்டு அம்மாவை நினைத்துக்கொள்வேன். கிறிஸ்தவ ஹால் என்பது எனக்கு அந்த மேசையில்தான் தெரிந்தது.

வடகிழக்கு மாநிலங்களிலிருந்து நிறையப் பேர் அங்கே படிக்க வருவார்கள். கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் சந்திரன் தேவநேசன் 1973இல் ஷில்லாங்கில் தொடங்கிய வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் துணைவேந்தராகப் போனவர். ஆக அந்த உறவு இரண்டு பக்கமும் ஓடியிருக்கிறது. என் அறைக்கு எதிர் அறையில் ஒரு மிசோ மாணவர். சாம்பார்ப் புளிப்பு அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. வெறும் சோறும் அவித்த கீரையுமாகச் சாப்பிட்டுக் கொண்டிருந்தார். யாரும் கவனிக்கவில்லை, சமையல் மாஸ்டர் கவனித்தார். வாரத்தில் இரண்டு நாள் புளி சேர்க்காமல் பருப்பை மட்டும் வேகவைத்துத் தனியாக ஒரு பாத்திரத்தில் வைக்க ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் அந்தப் பாத்திரம்தான் முதலில் காலியாகும். வயிறு சரியில்லாத பையன்கள் எல்லோரும் அதைத்தான் தேடினார்கள்.

இரண்டாம் வருஷம் என்னை மெஸ் செக்ரட்டரி ஆக்கினார்கள். வாழ்க்கையில் நான் பார்த்த முதல் நிர்வாக வேலை அது. இருபது வயதுகூட ஆகாதவனிடம் இத்தனை பேர் சாப்பாட்டுப் பணத்தைக் கொடுத்து "நீ நடத்து" என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். அந்த நம்பிக்கைதான் அந்த ஹாலின் மிகப் பெரிய மரபு என்று நான் நினைக்கிறேன். விளையாட்டுக் கோப்பை, ஹால் டே, கிறிஸ்துமஸ் பாட்டு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மெஸ் கணக்கு தெரியாதவர்களுக்காக: பங்கீட்டு முறை. மாதம் முழுக்க அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய், எரிபொருள் எல்லாம் சேர்த்து என்ன செலவோ, அதை மொத்தச் சாப்பாட்டு நாட்களால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு 200 பேர், 30 நாள் என்றால் 6,000 சாப்பாட்டு நாட்கள். செலவு 1,20,000 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 20 ரூபாய். ஊருக்குப் போனவனுக்கு அந்த நாட்களைக் கழிக்க வேண்டும், அதற்குப் பெயர் ரிடக்‌ஷன். இங்கேதான் வம்பு வரும். ஊருக்குப் போகிறவன் முந்தின நாளே எழுதிக் கொடுத்தால் அவனுக்கு அரிசி போட மாட்டோம், செலவும் குறையும். சொல்லாமல் போய்விட்டு, திரும்பி வந்து "எனக்கு அஞ்சு நாள் கழிச்சிடு" என்றால் அவனுக்காக வடித்த சோற்றின் காசை மற்றவர்கள் தலையில் கட்ட வேண்டும். நண்பன்தானே என்று ஒருவனுக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்த மாதம் பத்துப் பேர் வருவார்கள். நான் ரிடக்‌ஷன் நோட்டைச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலிலேயே ஒரு ஆணியில் தொங்கவிட்டேன். யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள் என்பது எல்லோர் கண்ணிலும் படும். சண்டை பாதியாகக் குறைந்தது.

ஸ்டோர் ரூமுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி மாஸ்டரிடம், ஒரு சாவி என்னிடம். விடிவதற்கு முன்னால் எழுந்து போய்ச் சரக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். முதல் நாள் நான் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுவதிலேயே குறியாக நின்றேன். மாஸ்டர் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர், என் அப்பா வயது இருக்கும். "தம்பி, நோட்டை அப்புறம் எழுதலாம். அளக்கிற கையைப் பாருங்க" என்றார். படியில் அரிசியைக் கோபுரமாக அள்ளுவதற்கும், தலை தட்டி அளப்பதற்கும், இத்தனை பேருக்கு அளந்து முடிக்கும்போது எவ்வளவு வித்தியாசம் வரும் என்று செய்து காட்டினார். துவரம்பருப்பு புதுசா பழசா என்று பார்க்க ஒரு பிடியைத் தண்ணீரில் போடச் சொன்னார். வண்டு அரித்தது மேலே மிதந்தது. அந்த மாதம் அந்தக் கடைக்காரரிடம் மூட்டையைத் திருப்பிக் கொடுத்தோம். தாம்பரம் மார்க்கெட்டில் காய் வாங்கும்போது காலையில் முதலில் போகாதீர்கள், விலை இறங்கும்வரை ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள் என்பதும் அவர் சொன்னதுதான். பின்னால் வேலைக்குப் போய் எத்தனையோ கொள்முதல் கமிட்டிகளில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் சொல்லிக் கொடுத்ததற்கு மேல் அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

அவரை ஹாலில் எல்லோரும் "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவோம், மூத்தவர்கள் சிலர் "அண்ணே" என்பார்கள். ஹால் டே அன்று விருந்து முடிந்ததும் சமையல்காரர்கள் எல்லோரையும் உட்காரவைத்து மாணவர்கள் பரிமாறுவோம். வார்டனும் கரண்டி பிடிப்பார். எல்லா விடுதியிலும் இதைச் செய்யலாம். ஒரு காசும் அதிகம் ஆகாது.

பொறுப்பு எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்கிறேன். படிப்பு கெட்டுவிடும் என்று பெற்றோர்கள் பயப்படுகிறார்கள். ஒரு வருஷம் ஒரே ஒரு பொறுப்பு என்றால் கெடாது. ஒப்படைக்கும்போது கடைசி மாதப் பாக்கி, கடைக்காரர்களின் கணக்கு, பாத்திரங்களின் பட்டியல் மூன்றையும் எழுதி, அடுத்தவர் முன்னால் எண்ணிக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல நண்பர்களுக்குள் மனக்கசப்பு வருவது இந்த இடத்தில்தான்.

ராகிங் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். நான் படித்த காலத்தில், 1996இல், சிதம்பரத்தில் நவரசு என்ற மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்டார். அந்தச் செய்தி வந்த நாட்களில் எந்த விடுதியிலும் வேறு பேச்சே இல்லை. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளும் வந்தன. 1800-180-5522 என்ற இலவச உதவி எண் இருக்கிறது, பிள்ளையின் போனில் சேரும் நாளிலேயே போட்டு வையுங்கள். பெற்றோர்கள் இன்னொன்றும் செய்யலாம்: "ராகிங் பண்றாங்களா?" என்று கேட்டால் எந்தப் பையனும் ஆமாம் என்று சொல்ல மாட்டான். "நேத்து ராத்திரி யாரோட உக்காந்து சாப்பிட்டே?" என்று கேளுங்கள். தொடர்ந்து நாலு நாள் தனியாகச் சாப்பிட்டேன் என்றாலோ, சாப்பிடவே போகவில்லை என்றாலோ கிளம்பிப் போய் ஒரு முறை நேரில் பாருங்கள்.

பழக்கம், மரபு என்று சொல்லி வருவதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? வேறொரு ஊரில் ஒரு கல்லூரி விடுதிக்குக் காப்பாளராக இருக்கும் நண்பர் சொன்ன கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூத்த மாணவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை முதலாண்டு மாணவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்று அங்கே ஒரு வழக்கம். கேட்டால் "அம்பது வருஷமா இருக்கு சார்" என்றார்களாம். நண்பர் வாதாடவில்லை. எழுபதுகளில் அதே விடுதியில் தங்கியிருந்த ஒருவரை மாணவர் கூட்டத்துக்கு அழைத்து வந்தார். அவரிடமே மாணவர்களைக் கேட்கச் சொன்னார். "வெளியே நிக்கிறதா? யார் முதல்ல வர்றாங்களோ அவங்க முதல்ல உக்காருவோம், அவ்வளவுதான்" என்றார் அவர். விசாரித்ததில் அந்த வழக்கத்துக்கு ஏழெட்டு வயதுதான் ஆகியிருந்தது. அந்த வாரமே அது நின்றது. மரபு என்று யாராவது மிரட்டினால் இருபது வருஷம் மூத்தவர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். நல்ல மரபு அந்தக் கேள்விக்குத் தாங்கும்.

படிப்பு முடிந்து பல வருஷம் கழித்து, பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து ஹாலின் நினைவுகளைத் தொகுக்கலாம் என்று கிளம்பினோம். அதில் கிடைத்த அனுபவத்தையும் சொல்கிறேன். விடுதி, பள்ளி, ஊர்ச் சங்கம் என்று எதன் வரலாற்றை எழுத நினைப்பவர்களுக்கும் பயன்படும்.

பெரிய பதவிக்குப் போனவர்களிடம் முதலில் போகாதீர்கள். அவர்களுக்கு ஹாலைப் பற்றி ஏற்கெனவே பல மேடைகளில் பேசிப் பேசி ஒரு கதை தயாராக இருக்கும், அதைத்தான் சொல்வார்கள். சமையல்காரர், காவலாளி, தோட்டக்காரர் இவர்களிடம் போனால் ஒரு நாளின் ஒழுங்கு கிடைக்கும்: எத்தனை மணிக்கு மணி அடித்தார்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது, விறகு அடுப்பு எப்போது போனது. "பழைய நினைவெல்லாம் சொல்லுங்க" என்று கேட்டால் யாருக்கும் ஒன்றும் வராது. ஒரு போட்டோவையோ பழைய மெஸ் பில்லையோ கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள், பேச்சு தானாக வரும்.

வருஷம் யாருக்கும் சரியாக நினைவிருக்காது. "எம்ஜிஆர் இறந்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் டக்கென்று பதில் வரும், அது 1987 டிசம்பர். இன்னும் மூத்தவர்களுக்கு 1965 ஜனவரி இந்தி எதிர்ப்புப் போராட்டம். போராட்டத்தின்போது ஹாலில் இருந்தீர்களா, வீட்டுக்குப் போய்விட்டீர்களா என்று கேட்டால் வருஷத்தோடு சேர்த்து இன்னும் நாலு விஷயம் கொட்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லிச் சரிபார்க்கும்போது முதலாமவர் பெயரைச் சொல்லாதீர்கள், சொன்னால் மரியாதைக்காக ஆமாம் போட்டுவிடுவார்கள்.

தேடிப் போனதில் எங்களை வாட்டியது போட்டோக்கள்தான். வருஷாவருஷம் எடுத்த ஹால் குரூப் போட்டோக்கள் பலர் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. நடுவில் உட்கார்ந்திருக்கும் வார்டன் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. பின் வரிசையில் நிற்பவர்கள் யார் என்று சொல்ல ஆளில்லை. ஓரத்தில் வேட்டியும் துண்டுமாக நிற்கும் சமையல்காரர்கள் பெயர் ஒன்றில்கூட எழுதப்படவில்லை. உங்கள் வீட்டில் இப்படி ஒரு குரூப் போட்டோ இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே எடுங்கள். பால்பாயின்ட் பேனாவால் பின்னால் எழுதினால் முன்பக்கம் தடம் விழும், மை கசியும். ஒரு தாளில் வரிசை வாரியாக, இடமிருந்து வலமாகத் தெரிந்த பெயர்களை எழுதி, தெரியாத இடத்தைக் காலியாக விட்டு, போட்டோவோடு சேர்த்து ஒரு உறையில் வையுங்கள். போனில் படம் எடுத்து உங்கள் செட் ஆட்களுக்கு அனுப்பினால் காலியிடங்கள் ஒவ்வொன்றாக நிரம்பும். சமையல்காரர்கள், காவலாளிகள் பெயரை முதலில் கேளுங்கள். அந்தப் பெயர்களை அறிந்தவர்களுக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது.